நளீரின் இடத்தில்

…வியர்ப்பது தன் கையா மாப்பிள்ளை றஸ்மியின் கையா என்று சீனிமுகம்மதுவுக்குத் தெரியவில்லை, லெப்பை கல்யாணப் பிரசங்கமான குத்பாவை இழுத்துக்கொண்டே போகிறார், அது முடிந்ததும் இந்தக் கையைப் பிடித்தபடியே சொல்ல வேண்டும், இன்னார் மகள் நிப்லாவை உமக்கு மணமுடித்துத் தந்தேன் என்று. தகப்பன் சொல்ல வேண்டிய சொல். தகப்பனுமில்லை, தகப்பன் வழியில் ஆண் ஒருவருமில்லை என்றால் காதி நீதவானான அவர்தான் பெண்ணைக் கொடுக்கும் வொலிகாரர், எத்தனையோ பெண்களை இப்படிக் கொடுத்திருக்கிறார், ஒருநாளும் யோசித்ததில்லை. மறுத்திருக்கலாமோ? தான் நிற்கும் தேர்தல் நேரத்தில், பாதிக் கல்முனையும் வந்திருக்கும் கல்யாணத்தில், எப்படி மறுப்பது? “மாப்பிள, கைய இறுக்கிப் பிடிங்க, உட்டா காதியார் வோட்டுக் கேக்கப் போயிருவார்” என்று லெப்பை தொடங்குமுன் சொன்னபோது சபையே சிரித்தது, அவரும் சிரித்தார்.

நிப்லாவின் வாப்பா நளீருக்கும் இப்படி மெல்லிய விரல்கள்தான்… சோதனைச் சாவடியில், ஓட்டோவின் ஹேண்டிலில் பார்த்தது, பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டியபோது. சீனிமுகம்மதுவின் தோளில் ஊர்காவல் படைத் துப்பாக்கி, இயக்கம் அவர் வாப்பாவை வயலில் வெட்டிப்போட்ட வருடம் அரசாங்கம் தந்தது, விசுவாசமாய் இருக்க வேறு காரணம் வேண்டுமா? இயக்கம் நடமாடும் சொறிக்கல்முனைக்கு ஆள் ஏற்றிப் போனவன் இவனா என்று அதிகாரி கேட்டார், ஓம் என்றார். ஏற்றியது பிள்ளைத்தாய்ச்சியை என்று நளீர் கதறினான், அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல அங்கே அவரைத் தவிர யாருமில்லை, சொன்னால் தன்னையும் சந்தேகிப்பார்களோ… சொல்லவில்லை. நளீரைப் போட்ட குழி மூடும்வரை நின்றார். பிறகு துப்பாக்கி போய்க் காதித் தீர்ப்பு வந்தது, இப்போது தேர்தல் மேடை.

றபீக்கா படை முகாம் முகாமாய்ப் புருசன் நளீரைத் தேடினாள், அவருடைய வாசலுக்கும் வந்தாள், தெரியாது தங்கச்சி என்றார். விதவை வீட்டோடு ஒதுங்கியிருக்கும் இத்தாவை அவள் இருக்கவேயில்லை, மையித்தை, உடலைக் கண்ணால் காணாமல் எப்படி இருப்பது என்றாள். இன்று காலையும் அதே பேச்சு. “காதியார், நிக்காஹ்வில அவர மர்ஹூம் எண்டு மட்டும் சொல்லிராதீங்க. மௌத்தெண்டு ஆரும் கண்டு வந்து சொல்லல்லயே.” இறந்தவர் பெயருக்கு முன் போடும் ஒரு சொல், அதை விட்டுவிட்டால் போதும், ஊருக்கே தீர்ப்புச் சொல்லும் நாக்கு இதற்கா தடுமாறும்…

“சொல்லுங்க காதியார்.”

“மர்ஹூம் நளீர் மகள் நிப்லாவை…”

நின்றுவிட்டார். லெப்பை செருமினார். “மர்ஹூம் வேணாமெண்டாங்களே. மறுகா சொல்லுங்க.” வாய் தவறியது என்று நினைக்கட்டும், களைப்பு, இரவெல்லாம் கூட்டம், யாருக்குத்தான் தவறாது…

“மறுகா சொல்ல வேணாம் லெப்பை.” பெண்கள் பக்கத் திரைக்கு அப்பாலிருந்து றபீக்காவின் குரல்தான், அழுகை இல்லை. “காதியார் சொன்னபடியே முடிங்க. நான் இண்டையிலிருந்து இத்தா இரிக்கிறன்.”

அடுத்தது வரும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள், கேட்டால் சொல்ல ஒரு பொய்யாவது… கேள்வி வரவில்லை. இத்தனை வருடமும் அவள் கேட்பதற்குத்தானே பயந்தோம், கேட்காமல் விடுவாள் என்று ஒருநாளும் பயந்ததில்லையே என்று நினைத்தபடி சீனிமுகம்மது மீதியைச் சொல்லத் தொடங்கினார்.