பெங்காசிப் பொன்னாடை

கிறிஸ்துநாயகத்தின் கையால் பொன்னாடை வாங்காமல் தென் லண்டனில் ஒருவர் பெரிய மனிதர் ஆகிவிட முடியாது. கவுன்சிலர், பங்குத்தந்தை, பல் வைத்தியர், கார் ஓட்டப் பழக்குகிறவர் என்று எல்லோருடைய தோளிலும் அவருடைய சரிகைத் துணி விழுந்திருக்கிறது. போர்த்திய கையோடு படம் பேஸ்புக்கில் ஏறாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் ஒருநாள் லிபியத் தூதரக அதிகாரி ஒருவருக்கும் போர்த்திவிட்டார். இடி விழுந்தது என்னவோ அவருடைய தங்கை அருள்மலரின் தலையில்.

அருள்மலரின் கணவர் கொட்வின் எண்ணெய்க் கப்பலில் எஞ்சினியர். ஈஸ்டருக்குச் சற்று முன்னர் அந்தக் கப்பல் கிழக்கு லிபியாவில் ஒரு துறைமுகத்துக்குப் போனது. அந்த நாட்டில் அரசாங்கம் ஒன்றல்ல, இரண்டு. உலகம் அங்கீகரித்தது திரிப்போலியில் இருக்கிறது. கிழக்கில் துவக்கும் படையுமாய் நிற்பது மற்றது. எண்ணெய் யாருடையது என்ற இழுபறியில் கப்பலைக் கட்டிப் போட்டார்கள், உள்ளே இருந்த ஆட்களோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டோடு பேசவிடுவார்கள். அந்த ஒரு அழைப்பை நம்பித்தான் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அருள்மலர் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. அலைந்து திரிந்து, தூதரக அதிகாரியைப் பங்கு மண்டபத்துக்கே அழைத்து வந்தார். கப்பலை விடும்படி திரிப்போலி கடிதம் அனுப்பிவிட்டது என்று அதிகாரி சொல்லி வாய் மூடவில்லை, பொன்னாடை, சந்தன மாலை, கைதட்டல். படத்துக்குக் கீழே கிறிஸ்துநாயகம் தமிழிலும் இங்கிலிசிலும் எழுதினார்: ‘எங்கள் மச்சானை மீட்டுத் தந்த திரிப்போலி அரசுக்குக் கோடி நன்றிகள்.’ மச்சான் இன்னும் கப்பலில்தான் இருக்கிறார் என்பது அந்த உற்சாகத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிறு வந்தது. கொட்வினின் அழைப்பும் வந்தது.

“ஆரப்பா அந்தப் படத்தைப் போட்டது? இஞ்ச கொமாண்டர் தன்ர போனில காட்டினவர். ‘நன்றி அவையளுக்கெண்டா, அவையளே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்’ எண்டு சொல்லிப்போட்டார். மலர், இனிப் பேசவும் விடமாட்டினமாம்...”

லைன் அறுந்தது.

அருள்மலர் அழவில்லை. அண்ணன் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள். வழியில் அவள் மனதுக்குள் சொன்னதையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புவித்தால் பங்குச் சுவாமியே காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் விஷயம் அதற்குள் எட்டிவிட்டதோ என்னவோ, கதவைத் திறந்தவரின் முகம் ஏற்கெனவே செத்துப்போய்க் கிடந்தது. திட்ட வந்தவளின் வாயில் ஒரு கேள்விதான் வந்தது.

“அண்ணை, உயிலங்குளத்தால நாங்கள் எப்பிடிப் போய் வந்தனாங்கள்?”

இலங்கையில், சண்டைக் காலத்தில், மன்னார் டவுனுக்குப் போவதென்றால் உயிலங்குளம் சாவடியைத் தாண்ட வேண்டும். ஒரு பக்கம் இயக்கம், மறு பக்கம் ஆமி. இருவரிடமும் பாஸ் எடுக்க வேண்டும். ஒருவர் தந்ததை மற்றவரின் மேசையில் தவறியும் வைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அங்கே அது தெரிந்திருந்தது.

“ரெண்டு பக்கமும் கேட்டுத்தான்,” என்றார் கிறிஸ்துநாயகம் மெதுவாக. “ஒருத்தருக்கு முன்னால மற்றவையின்ர பேரை எடுக்காம.”

“அதுவும் சரிவராட்டி?”

“ஃபாதரைப் பிடிப்பம். அவருக்கு ரெண்டு பக்கமும் தேத்தண்ணி குடுப்பினமெல்லோ.”

“ஓம். அப்ப லிபியாவில ரெண்டு பக்கமும் தேத்தண்ணி குடிக்கிற ஆளைத் தேடுவம். உங்கட போனை இஞ்ச தாங்கோ, இனிப் படம் ஒண்டும் வேண்டாம்.”

கொடுத்துவிட்டார். தவக்காலத்தில் மீனைக்கூட விடாத மனிதர் போனை விட்டார்.

தேடிய ஆளுக்கு வழி அவர்களுடைய கோவிலிலேயே இருந்தது. பூசை முடிந்ததும் தேநீர் ஊற்றும் பிலிப்பைன்ஸ்காரி மாரிசெல்; அவளுடைய அக்கா, கிழக்கு லிபியாவில் பெங்காசி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்ட்டைப் பார்க்கிற நர்ஸ். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் கையில் ஏந்தியவள். துறைமுகத்துப் படைக்காரர்களின் மனைவிமாருக்கும் அவள்தான் தெய்வம். அவள் மூலமாக அருள்மலர் கொமாண்டருக்குச் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: ‘என் கணவரை விடக்கூடியவர் நீங்கள் ஒருவரே. உங்களைத்தான் கேட்கிறேன்.’ திரிப்போலி என்ற சொல் அதில் இல்லை.

அடுத்து தூதரகம். இம்முறை மாலையும் இல்லை, அண்ணனும் இல்லை. தனியாகத்தான் போனாள்.

“அடுத்த கடிதம் தயாராகிறது,” என்றார் அதிகாரி ஆதரவாக.

“அதை அனுப்ப வேண்டாம், சேர். இந்தக் கப்பலைப் பற்றி உங்கள் அரசு கொஞ்ச நாளைக்கு வாயே திறக்கக் கூடாது. விட்டது அவர்கள் என்றே இருக்கட்டும்.”

அவருடைய முகம் கடுத்தது. ஓர் அரசாங்கத்தைப் பார்த்து வாயை மூடு என்று சொல்ல இந்தப் பெண் யார்? ஆனாலும் அருள்மலர் எழுந்து போகவில்லை.

“எங்கள் ஊரிலும் ஒரு தெருவுக்கு இரண்டு ராச்சியம் இருந்தது. நடுவில் நடந்து வந்தவள் நான்.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு, தன் மனைவியின் தாய்வீடு கிழக்கில் என்றும், கல்யாண வீட்டுக்குப் போனால் தானும் வாயைத் திறப்பதில்லை என்றும் சொன்னார். கடிதம் போகவில்லை.

வாரங்கள் ஓடின. கிழக்கிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கெடுத்துவிட்டோமோ என்று அருள்மலர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே, கைப்பைக்குள் போன் துடித்தது. கோவில் வாசலுக்கு ஓடினாள்.

“மலர், மோல்ற்றாத் தீவு தெரியுது,” என்றார் கொட்வின். “விட்டுட்டினம். எல்லாரையும் விட்டுட்டினம்!”

அவள் போட்ட கூச்சலில் சுவாமி பிரசங்கத்தை நிறுத்தினார். மாரிசெல் பீடத்துக்கு முன்னாலேயே துள்ளினாள். கிறிஸ்துநாயகம் வாங்குப் பலகையில் இருந்தபடி விக்கி விக்கி அழுதார்.

ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் கொட்வின் வந்த அன்று கிறிஸ்துநாயகம் பழையபடி புதுப் பொன்னாடையோடு முன்வரிசையில் நின்றார். கதவு திறந்தது. கொட்வின் மெலிந்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. தோளிலிருந்து முழங்கால்வரை வெள்ளைக் கம்பளிப் போர்வை ஒன்று, அந்த நாட்டு ஆண்கள் விசேஷத்துக்குப் போர்த்துவது.

“கொமாண்டர் தன்ர கையால போத்திவிட்டவர்,” என்று அவர் சிரித்தார். “‘உன்ர மச்சானுக்குச் சொல்லு, எங்களுக்கும் போத்தத் தெரியும்’ எண்டவர்.”

அருள்மலர் அந்தப் போர்வையோடு சேர்த்துக் கணவரை இறுக்கிப் பிடித்தாள். ஆட்டு வாசமும் டீசல் வாசமும் அடித்தன. வென்றுவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. கிறிஸ்துநாயகம் பொன்னாடையை எங்கே போர்த்துவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றார். அவள் அதை வாங்கி, பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மாரிசெலின் தோளில் போட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, இவ்வளவு நாளும் பூட்டி வைத்திருந்த போனை அண்ணனிடம் நீட்டினாள்.

“இப்ப எடுங்கோ அண்ணை, படம். ஆனா நன்றி எழுதேக்க ரெண்டு பக்கத்துக்கும் எழுதவேணும்.”