அணைக்கக் கூடாத கீபோர்டு

வியாழக்கிழமை காலையில் கீபோர்டைப் போட்டதும் அதன் சின்னத் திரையில் ‘பேட்டரி லோ’ என்று வந்தது. அணைக்காமல் அப்படியே விட்டேன்.

“கரண்டுல ஓடறதுக்கு இன்னாத்துக்குங்க பேட்டரி?” என்று என் மனைவி எஸ்தர் கேட்டாள். எத்தனையோ பேருக்கு விளக்கி அலுத்துப்போன விஷயம் இது. உள்ளே நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு. ஸ்விட்சை அணைத்த பிறகும் நாம் சேர்த்து வைத்ததைக் கீபோர்டு மறக்காமல் இருப்பது அதனால்தான். என்னுடையது இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய ஜப்பான் கீபோர்டு. சென்னையில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியே பத்தொன்பது வருஷம் ஆகிறது. வயலின், புல்லாங்குழல் என்று விதவிதமான சத்தங்கள் கொடுப்பதோடு நாம் வாசித்ததைப் பதிந்துகொண்டு திரும்ப வாசித்தும் காட்டும். உள்ளே இருக்கும் பேட்டரி செத்துவிட்டால், அணைத்த மறு நிமிஷம் அத்தனையும் காலி.

வேறு கீபோர்டுக்காரனாக இருந்தால் நாலு நல்ல சத்தம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். எனக்குப் போவது சத்தம் இல்லை. என் இடது கை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சின்னசேலம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தேன். முழங்கை எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின, மற்ற விரல்களுக்கும் வேகம் இல்லை. அந்தக் கை டீ டம்ளரைப் பிடிக்கும், சட்டைக்குப் பட்டன் போடாது. வீட்டில் கிடந்த அந்த நாட்களில், இடது கை வாசிக்க வேண்டியதை எல்லாம் வலது கையாலேயே வாசித்துக் கீபோர்டுக்குள் பதிந்து வைத்தேன். எங்கள் குழு மேடையில் பாடும் நாற்பத்து மூன்று பாட்டுக்கும் அப்படிச் செய்தேன். மேடையில் கால் பெடலை மிதித்தால் அது ஓட ஆரம்பிக்கும். இடது பக்கக் கட்டைகளில் சத்தமே வராதபடி வைத்துவிட்டு, அதன் மேல் விரல்களை ஆட்டிக்கொண்டிருப்பேன். எஸ்தருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

விழுந்து எழுந்த பிறகு எட்வின் அண்ணன் தாளம் கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னான், எங்கள் குழுவில் குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் பேடு வாசிக்கும் வெங்கடேசன். கடிகாரம்தான் வாசிக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று எஸ்தர் திட்டாத வாரம் இல்லை. குழுவை நடத்தும் தங்கதுரை அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் தபேலா வாசித்த சூசைக்குத் தோள்பட்டை இறங்கியபோது, உடம்பு தேறட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரெண்டே நாளில் வெங்கடேசனைக் கூட்டி வந்துவிட்டார். சூசைக்கு இன்னும் உடம்பு தேறவில்லை என்று தங்கதுரை அண்ணன் நம்பிக்கொண்டிருக்கிறார். ஞாயிறுதோறும் எங்கள் சர்ச்சில் சூசை வாசித்துக் கிழிக்கிறான். நான் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன். சோற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் மேடை இல்லாத எட்வின் யார் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. அந்தப் பயம்தான்.

மாவட்டத்துக் கீபோர்டுக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பேட்டரி விஷயத்தைப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. பழைய கீபோர்டு வைத்திருப்பவனைப் பார்த்தால் எல்லாருக்கும் வாய் ஊறுகிறது. தீனதயாளன், “அந்தக் கால வயலின் சத்தம் இப்ப வர்ற எதுலயும் கெடையாது. விக்கறதா இருந்தா எனக்கு மட்டும் சொல்லு” என்று எழுதினார். எலவனாசூர்கோட்டைப் பொன்னுரங்கம், “விக்கறதா? எடைக்குப் போடணும். பொணம் கனம் கனக்குது, ஃப்ளாப்பி கேக்குது. பேசாம லேப்டாப்பு வாங்கு” என்றார். “உன் லேப்டாப்பு போன மாசம் மேடையிலயே அப்டேட் ஆனது ஞாபகம் இருக்கா?” என்று தீனதயாளன் கேட்டார். அதற்கு மேல் அவர்கள் சண்டையாகிவிட்டது. நடுவில் யாரோ கும்பிடு போட்டிருந்தார்கள். கீபோர்டுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

இளஞ்செழியன் மட்டும் போனில் கூப்பிட்டான். சின்னசேலத்துக்காரன், கெட்டிக்காரன். “அண்ணே, ஒரே ஒரு கேபிளு, என் லேப்டாப்பு. அரை மணி நேரத்துல உள்ள இருக்கறத எல்லாம் அப்படியே எறக்கி வெச்சிடறேன். அப்பறம் பேட்டரி போனா போவுது. இன்னைக்கே வரட்டுமா?”

அவன் வந்தால் பாட்டுப் பாட்டாக அவன் திரையில் விரியும். ஒவ்வொன்றிலும் ‘இடது கை’ என்று நானே பெயர் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பையன் வாயில் எதுவும் தங்காது.

“வேணாம்பா, மெட்ராஸ்லருந்து மெக்கானிக் வராரு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மெக்கானிக் வருவதாகச் சொன்னது நிஜம்தான். பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், திங்கட்கிழமை வந்து, கீபோர்டை அணைக்காமலே முதலில் பழுதான ஃப்ளாப்பி டிரைவை மாற்றித் தருவார். ஃப்ளாப்பியில் நானே எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளலாம், யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. “அதுவரைக்கும் ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க சார்” என்றார். சனிக்கிழமை கல்வராயன் மலையில் எங்களுக்குத் திருவிழாக் கச்சேரி. அதாவது ஸ்விட்சை அணைக்காமலே அதை மலை ஏற்றி இறக்க வேண்டும்.

தெரிந்த ஜெராக்ஸ் கடையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வைக்கும் யு.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். கரண்டு போனால் அது ‘பீப்... பீப்...’ என்று கத்திக்கொண்டே கீபோர்டைக் காப்பாற்றும். இரண்டு நாளும் அந்த அறைக்குள் யாரையும் விடவில்லை. எஸ்தர் துடைப்பத்தோடு வந்தாள், போகச் சொல்லிக் கத்தினேன். வெள்ளிக்கிழமை இரண்டு தரம் கரண்டு போய் வந்தது. அது கத்திய ஒவ்வொரு பீப்பையும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு விரலுக்காக மனுசன் இப்படி சாவானா?” என்றாள் எஸ்தர். 

சனிக்கிழமை மதியம் வேன் பேட்டரியில் இன்வர்ட்டர் கட்டி, அதில் யு.பி.எஸ்.ஸைச் செருகி, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு ரிப்பேர், திங்கட்கிழமை வரை அணைக்கக் கூடாது என்று மட்டும் குழுவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். “ஐ.சி.யூ. பேஷண்ட மலைக்குக் கூட்டிக்கினு போறோம், பாத்து ஓட்டுப்பா” என்று வெங்கடேசன் டிரைவரிடம் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பாடகி தேவிப்ரியா மட்டும் சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷமாக என் வாசிப்புக்குப் பாடுகிறவள். என் கவலையில் அவளை என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போது ஒரு வளைவில் வயர் பிடுங்கிக்கொண்டு யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, மறுபடி செருகினேன். வெள்ளிமலையைத் தாண்டி அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை தொப்பலாகிவிட்டது.

மேடை கோயிலுக்கு எதிரிலேயே போட்டிருந்தார்கள். மைக்செட் அம்மாசி உள்ளூர்க்காரர், நிதானமானவர். கீபோர்டுக்குத் தனி இணைப்பு கேட்டதும் ஏன் என்றுகூடக் கேட்காமல் கொடுத்தார். ஆறு மணிக்குக் கச்சேரி. அதற்கு முன்னால் சாமி சப்பரம் தெருவைச் சுற்றி வரும். சப்பரம் உயரம், வயரில் இடிக்கும் என்பதால் அது கிளம்பும்போது ஊரில் கரண்டு லைனை நிறுத்திவிடுவார்கள். இது எனக்குத் தெரியும். யு.பி.எஸ். ஒரு மணி நேரம் தாங்கும், சப்பரம் அரை மணியில் நிலைக்கு வந்துவிடும். கணக்குப் பார்த்துத்தான் வைத்திருந்தேன்.

மேடையை விட்டு நகரக் கூடாது என்றும் இருந்தேன். ஆனால் கச்சேரிக்காரர்கள் சாமிக்கு முன்னால் வந்து நின்று மாலை வாங்கிக்கொண்ட பிறகுதான் மேடை ஏற வேண்டும் என்பது அந்த ஊர் முறை. “நீ வராம இன்னாடா மரியாதை?” என்று தங்கதுரை அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேடையிலிருந்து முப்பது அடி இருக்கும்.

லைன் நின்றது. மேடையிலிருந்து பீப் கேட்டது. மேளச் சத்தத்துக்கு இடையிலும் எனக்கு அது மட்டும் தனியாகக் கேட்டது. அது கத்திக்கொண்டிருக்கும் வரை பயமில்லை. சப்பரம் ஆடி ஆடி வந்து எங்கள் முன்னால் நின்றது. தீபம் காட்டுவதற்காக மேளத்தை நிறுத்தினார்கள். கூட்டம் கைகூப்பி மூச்சுக் காட்டாமல் நின்றது. அந்த அமைதியில், பீப். ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் பீப். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கத்து, கத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பீப் வரவில்லை.

மாலையோடு ஓடினேன். மேடையில் அம்மாசி கைகூப்பியபடி நின்றிருந்தார். கீபோர்டின் திரை இருண்டிருந்தது.

“சாமி நிக்கும்போது இது கத்திக்கினே இருந்துச்சுங்க” என்றார் அம்மாசி. “குத்தமாயிடும்னு நான்தாங்க அமுத்தி நிறுத்தினேன். லைன் வந்ததும் போட்டுக்கலாம் இல்லைங்களா?”

அவரை என்ன சொல்ல முடியும்? அமுக்கக் கூடாது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ரிப்பேர் என்றால் என்ன ரிப்பேர் என்று கேட்பார்களே என்று, கேட்காதவரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

லைன் வந்ததும் போட்டுப் பார்த்தேன். கம்பெனிக்காரன் வைத்த சத்தங்கள் அப்படியே இருந்தன. பாட்டுகள் இருந்த இடத்தில் கோடுகோடாக வெறுமை. நாற்பத்து மூன்றும் போய்விட்டன. அழுகை வந்தது. மேடைக்குப் பின்னால் போய் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

தேவிப்ரியா வந்தாள். “இன்னாங்கண்ணே, மொகம் இப்படி வெளிறிக் கெடக்குது?”

முதல் பாட்டு அம்மன் பாட்டு, அவள் குரலும் என் இடது கையும் மட்டும் சேர்ந்து ஆரம்பிப்பது. அவளிடம் சொல்லாமல் மேடை ஏற முடியாது. விழுந்தது, விரல், பெடல் எல்லாவற்றையும் சொன்னேன். ஐயோ பாவம் என்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வேறு மாதிரி ஆனது.

“அப்போ நான் ஒரு எடத்துல இழுத்துப் பாடினா?”

“அது நிக்காதும்மா. போய்க்கினே இருக்கும்.”

“மூணு வருசமா நான் மெஷின் பின்னாடியா ஓடிக்கினு இருந்தேன்?”

கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தேன்.

“நீங்க என்கிட்ட இன்னா சொன்னீங்கண்ணே? ‘தாளத்துல பின்னாடி விழற தேவி, மூச்சு பத்தலயா’ன்னு கேக்கல?”

கேட்டேன். ஒரு தரம் இல்லை, பல தரம். மூங்கில்துறைப்பட்டில் ஒரு கல்யாண வரவேற்பில் வெங்கடேசன் முன்னாலேயே கேட்டேன். அன்றைக்கு அவள் இழுத்தது அழகாகத்தான் இருந்தது. கீபோர்டு அவளை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. யார் மேலாவது தப்பைப் போட வேண்டியிருந்தது, அவள் மேல் போட்டேன்.

“சேலத்துக்குப் போயி நெஞ்சுல படம் எடுத்துப் பாத்தேன்” என்றாள். “ஒண்ணும் இல்லன்னாங்க. ஒண்ணும் இல்லாமலே மூச்சு கம்மியாவுதுன்னா, எனக்கு அவ்ளோதான்னு நெனச்சேன். இதான் என் கடைசி ப்ரோக்ராமுன்னு நேத்து தங்கதுரை அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்.”

எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. என் மேடை போய்விடுமோ என்று மூன்று வருஷம் பயந்திருக்கிறேன். அந்தப் பயத்தில் அவளுடைய மேடையைப் பிடுங்கியிருக்கிறேன்.

தங்கதுரை அண்ணன் மேடையோரம் நின்று மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போனேன். யோசித்தால் வாய் வராது என்று தெரியும். “அண்ணே, தேவிக்கு ஒண்ணும் கொறையில்ல. எனக்குத்தான் எடது கை இல்ல. மூணு வருசமா ஏமாத்திக்கினு இருந்தேன். அவ மேல தப்பு சொன்னதெல்லாம் பொய்” என்றேன். பேடைச் சரிசெய்துகொண்டிருந்த வெங்கடேசன் நிமிர்ந்து பார்த்தான்.

தங்கதுரை அண்ணன் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுக்கு நாளைக்கு இருக்குது உனக்கு” என்றார். “கூட்டம் ஒக்காந்துடுச்சு. ஒத்தக் கையில வாசிப்பியா, மாட்டியா?”

“வாசிக்கறேன்.”

தேவிப்ரியா என் பக்கம் திரும்பாமலே மேடை ஏறினாள். நான் வயலின் சத்தம் ஒன்றை எடுத்து, வலது கையால் சுருதியைப் பிடித்தேன். இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடி ஆரம்பித்தாள். முதல் அடியின் கடைசியில், நான் எப்போதும் அவளை விட்டுவிட்டுப் போகும் அதே இடத்தில், அவள் இழுக்க ஆரம்பித்தாள். நான் காத்திருந்தேன். வெங்கடேசன் குச்சியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தான், இரு என்று தலையாட்டினேன். அவள் இன்னும் இழுத்தாள், ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். கூட்டத்தில் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். அவள் கண்ணைத் திறந்து முதல் முறையாக என்னைப் பார்த்தாள், கோபத்தோடுதான் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நிறுத்தாமல் பாடினாள். மூச்சு அவளிடம் இன்னும் எவ்வளவோ இருந்தது.