டார்லா சொன்ன வரி

மாட்டுத்தீவனக் கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தாலே டார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கிராமத்து வாழ்க்கையைப் பாடும் கன்ட்ரி பாட்டாம்! பிக்கப் வண்டி, பீர், இறுக்கமான ஜீன்ஸ் போட்ட பெண், நடுவே டமார் டமாரென்று டிரம்ஸ். பாடுகிற பையன் ஒருநாளாவது சாணியை மிதித்திருப்பானா என்பதே சந்தேகம்.

மெட்டு மட்டும் அவள் புருஷன் வெர்லனுடையது. டெக்சாஸே காய்ந்து கிடந்த வருஷம், அவளுடைய குதிரையை விற்ற அன்று, சமையலறையில் உட்கார்ந்து அவன் கட்டிய பாட்டு. மூன்று மூன்றாகத் தட்டி மெல்ல அசைந்து போகும். அதில் ஒரு வரி, அன்று படுக்கப் போகும்போது அவளே அழாமல் சொன்னது. அந்தப் பாட்டை விற்கத்தான் அவன் பாட்டுக் கம்பெனிகள் இருக்கும் நாஷ்வில் நகரத்துக்குப் போனான். அங்கே சொற்களையும் தாளத்தையும் மாற்றிவிட்டார்கள். அவனும் திரும்பி வரவில்லை.

ஞாயிறு மதியம் ஊர் நடனக் கொட்டகையில் வெர்லன் பாடப்போகிறான் என்று கடையில் கூட வேலை செய்யும் நீட்டாதான் சொன்னாள்.

"போகாதடி. விட்டுட்டுப் போனவன் மூஞ்சியை எதுக்குப் பாக்கணும்?"

"மூஞ்சி யாருக்கு வேணும்? அந்தப் பாட்டை ஒரு தடவை ஒழுங்காக் கேட்டுட்டு வந்துடறேன்."

அது பாதிதான் உண்மை. அந்த வரி அவன் மனதில் இருந்தால் தானும் அங்கே இருப்பதாக அர்த்தம் என்று ஏங்கிக் கிடந்தாள்.

"ஏய் வெர்லன், அந்த பீர் பாட்டை எடுத்து விடுப்பா!" என்று ஞாயிறன்று கொட்டகையே கத்தியது. டார்லா கூட்டத்தோடு நின்றிருந்தாள்.

"முதல்ல அசலைக் கேளுங்கய்யா" என்றான். நரைத்துப் போயிருந்தான்.

ஸ்டீல் கிதார் இழுத்தது. அதே மூன்று தட்டு. ரேடியோ தாளத்துக்குப் பழகிய ஜோடிகள் கால் பின்னி நின்றுவிட, வயதானவர்கள் மட்டும் சுற்றினார்கள்.

வறட்சி வந்தது, குதிரை போனது. அடுத்தது அவள் வரி. அவன் வாயில் வந்ததோ ரேடியோ பாட்டின் பீர் வரி. சட்டென்று நிறுத்திச் சிரித்தான். கூட்டத்தில் தேடி அவளைக் கண்டுபிடித்தான்.

"டார்லா! அந்த வரி என்னம்மா? நாக்கு நுனியில நிக்குது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கும் மறந்துபோச்சு, வெர்லன்" என்றாள்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டு ரேடியோ பாட்டைத் தொடங்கினான். ஆட ஓடி வந்தவர்களை இடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

வெயில் கொளுத்தியது. வண்டியில் ஏறி ரேடியோவை அணைத்தாள். குதிரையை விற்ற அன்று வராத அழுகை இப்போது வந்தது. ஸ்டீரிங்கில் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டு அந்த வரியை வாய்விட்டுப் பாடினாள்.

"நான் தூங்கறேன். மழை வந்தா எழுப்பு."