இடது முழங்கால்

"எந்த ரோட்டுல விழுந்தார்?" என்று டாக்டர் ரமா கேட்டபோது, யாரைப் பற்றிக் கேட்கிறார் என்றே சொர்ணத்துக்குப் புரியவில்லை.

கூடத்துப் பாயில் அவள் புருஷன் சுந்தரம் கிடந்தார். தோளில் திண்டு வைத்த கறுப்பு ஜாக்கெட், கழுத்துவரை ஏற்றிய ஜிப், கெண்டைக்கால் வரைக்கும் பூட்ஸ். தலைமாட்டில் ஹெல்மெட். அந்தக் கோலத்தைப் பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

"எங்கேயும் விழல டாக்டர். வீட்டுலதான்."

"வெளியில வேற மாதிரி சொல்றாங்களே?"

வெளியில் சொன்னது சின்னத்தாயி, சுந்தரத்தின் அக்கா. அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்தவள் தம்பியைப் பார்த்ததும் வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டாள். "வேணாம் வேணாம்னு சொன்னேனே ராசா, வண்டி உன்னக் கொண்டுபோயிடுச்சே!" விசாரித்துவிட்டா ஒப்பாரி வைப்பார்கள்? ஆனால் மர்பி டவுன் சந்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எதிர்வீட்டுக் கன்னடக்காரர் வந்து, "யாவ ரோடல்லி ஆயித்து?" என்று அவரும் எந்த ரோடு என்றுதான் கேட்டார். பதில் வருவதற்குள் ஹெல்மெட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஆக்ஸிடென்ட்னா நான் சர்டிபிகேட் எழுத முடியாதும்மா," என்றார் டாக்டர். "போலீஸுக்குச் சொல்லணும். போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்க."

ஊசி போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். அவரை அறுப்பதா?

நாளைக்கு இருவருக்கும் விமானம். கொழும்பில் இறங்கிக் கண்டி போய், அங்கே வாடகைக்கு ஒரு பைக் எடுத்து, நுவரெலியா, ஹப்புத்தளை என்று எட்டு நாள் மலைமலையாகச் சுற்றுவதாகத் திட்டம். முப்பது வருஷம் மர்பி டவுனுக்கும் பீன்யா ஃபாக்டரிக்கும் பைக்கிலேயே போய்வந்தவர். "சிக்னலே இல்லாத ரோட்டுல ஒருதரம் உன்ன வச்சு ஓட்டணும்," என்று ரிட்டயர் ஆன அன்றே சொல்லிவிட்டார். சொர்ணம்தான் மூன்று மாதம் மாட்டேன் மாட்டேன் என்று இழுத்தடித்து, போன வாரம் சரியென்றாள்.

லேத்தில் முதல் பீஸை அளந்து பார்க்காமல் இரண்டாவதைத் தொடாத ஆள் அவர். பயணத்துக்கும் அதே கணக்குத்தான். இன்று காலை காபி குடித்ததும், "எல்லாத்தையும் போட்டுப் பாத்துடலாம்," என்றார். பையில் ஸ்வெட்டரை அடியிலும் மழைக்கோட்டை மேலேயும் வைத்தார். மலை மழை சொல்லிக்கொண்டா வரும்? பிறகு ஜாக்கெட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டார். மகன் யுவனின் பழைய டிராக் பேன்டை இவள் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் கவசம் கட்டிவிட அவர் முன்னால் மண்டியிட்டார்.

"காலை மடக்கு சொர்ணம்," என்று, பாயருகே உட்கார்ந்திருந்தவளைச் சின்னத்தாயி அதட்டினாள். "பொணத்துக்கு நேரா நீட்டக் கூடாது."

"மடங்கல அண்ணி."

"ஏன், என்னாச்சு?"

டிராக் பேன்டோடு துக்கத்தில் உட்காரலாமா என்று அதன்மேலேயே புடவையைச் சுற்றிவிட்டவளும் சின்னத்தாயிதான். அந்த அவசரத்தில் உள்ளே இருந்ததை அவள் கவனிக்கவில்லை. சொர்ணம் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். இடது காலில் கவசம் இருந்தது. வலது காலில் இல்லை.

"அது அங்க கெடக்கு, பாருங்க," என்று நாற்காலியின் அடியைக் காட்டினாள். "இதைக் கட்டிட்டு, இறுக்கமா இருக்கான்னு கேட்டார் டாக்டர். நான் பதில் சொல்றதுக்குள்ள மடியில தலைய வச்சுட்டார். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்து, "கதவு தொறந்து கெடக்கு, யாராச்சும் பாக்கப் போறாங்க, எந்திரிங்க," என்று சிரித்துக்கொண்டே தலையில் ஒரு தட்டு தட்டியிருந்தாள். அதை யாரிடமும் சொல்ல முடியாது.

டாக்டர் குனிந்து ஒரு பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். அடியில் கடைக்காரன் ஒட்டிய அளவுச் சீட்டு அப்படியே இருந்தது. தூசி இல்லை. வாசலில் பழைய வண்டி உறைக்குள் நின்றது. கண்ணை, நெஞ்சை, கையைப் பார்த்தார். பிரஷர் மாத்திரைச் சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

சின்னத்தாயி பூட்ஸ் அடியில் இருந்த அளவுச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன்பின் அவள் ஒப்பாரி வைக்கவில்லை.

மதியம் சென்னையிலிருந்து யுவன் வந்து சேர்ந்தான். வந்த அழுகை அடங்கியதும், அப்பாவின் பூட்ஸை அவனே கழற்றினான். குளிப்பாட்டி, கோடி வேட்டி கட்டி, நெற்றியில் காசு வைத்தார்கள். ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் கட்டிவைத்த பையின்மேல் போய் உட்கார்ந்தன. நாலு மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். சொர்ணம் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். துக்கத்தில் தள்ளாடுகிறாள் என்று இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சின்னத்தாயி அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். முக்காலியில் உட்காரவைத்து, தானும் ஈரத்தரையில் மண்டியிட்டாள். கவசத்தின் பட்டையை இழுத்ததும் சர்ரென்று பிரிந்தது.

"காலையிலேருந்து இதோடயா இருக்கே? இறுக்கமா இல்ல?"

சொர்ணம் தன் மடியைப் பார்த்தாள்.

"இல்ல அண்ணி. சரியாத்தான் இருக்கு."

சின்னத்தாயி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பிரித்த பட்டையை எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.