வராதவங்களுக்குப் பேர் இல்ல

டிக்கோயா தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் பழைய வரிசை வீடான லயத்தை உடைத்துப் புது வீடு கட்டும் இடத்தில், கேம்பஸிலிருந்து பொறியியல் பயிற்சிக்கு வந்த சுதர்ஷினி குனிந்து பார்த்தாள். வெட்டி நிறுத்திய மண்மேட்டில் காலையில் நூல்கூட நுழையாத வெடிப்பில், இப்போது அவள் விரலே நுழைந்தது. கீழே அத்திவாரக் குழியில் ஆறு பேர் நின்றார்கள். பாதுகாப்பு அதிகாரி காகிதத்தில் மட்டும்தான் இருந்தான்.

"மேல ஏறுங்க, மேடு சரியப் போகுது!"

"படிச்ச புள்ளைக்கு ஈர மண்ணப் பாத்தாலே பயம்," என்று குழிக்குள்ளிருந்து சிரித்தார் மூத்த வேலையாள் முத்துலிங்கம். "நாங்க இதுலயே பொறண்டவங்க தாயி."

மேட்டிலிருந்து பொடிக்கல் உருண்டது. நாலு வருஷப் படிப்பு இங்கே செல்லாது. அவளும் லயத்தில் வளர்ந்தவள்தான். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் பதியாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கையிலிருந்த குறிப்புக் கொப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

"பெரட்டு! பேர் பதியிறேன். இப்ப வராதவங்களுக்கு இன்னைக்குப் பேர் இல்ல!"

ஆறு பேரும் அவளைத் திட்டிக்கொண்டே ஓடி ஏறினார்கள். தோட்டத்து ஆள் உயிருக்குக்கூட அப்படி ஓடமாட்டான்.

"எங்க, எம் பேர எழுது," என்று முத்துலிங்கம் மூச்சு வாங்கும்போதே மேடு இறங்கிக் குழியை மூடியது.

அவர் திரும்பிப் பார்த்தார். மேலே ஏறியவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். "எழுது தாயி, ஆறு பேரு," என்றார்.

அவள் முதல் வரியில் முத்துலிங்கம் என்று எழுதினாள்.