கண்டல் கொப்பி

ஸாஜிதா டீச்சர் கொடுத்த கொப்பியில் றுமைஸா முதன்முதலாகக் கீறிய கொக்கு, கால் முளைத்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. கூட வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கொக்குக் கீறவா அவள் வந்தாள்?

தில்லையடிக்குப் பின்னால், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பின் ஓரத்தில் ஞாயிறு காலைகளில் அந்த வகுப்பு. சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்ததைக் கீற வேண்டும், பக்கத்தில் திகதி, மணி, காற்று, தண்ணீர் ஏற்றமா வற்றமா என்று எழுத வேண்டும். "தெரிஞ்சதக் கீறாதீங்க, கண்டத மட்டும் கீறுங்க," என்பார் டீச்சர். மற்றப் பெண்களுக்கு இதில் மனம் ஆறியது. றுமைஸாவுக்கு மனம் ஆறவே கூடாது. அத்தாஉல்லா ஹாஜியார் தன் இறால் பண்ணையைக் களப்புக்குள் நீட்டக் கரைச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களை வெட்டுவிக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். ஃபோனில் படம் பிடிக்கப் போன ஒருவரின் ஃபோன் தண்ணீருக்குள் போனது. கொப்பியோடு குந்தியிருக்கும் பெண்களை யார் கவனிக்கப் போகிறார்கள்? கண்டல் வெட்டுவது குற்றம், நாளும் நேரமும் சரியாகத் தெரிந்தால் வன அதிகாரிகள் வந்து கையும் களவுமாகப் பிடிப்பார்கள் என்று டீச்சர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அதை றுமைஸா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஹாஜியாரின் மகனுக்கு அவள் மகள் ஸும்ராவைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாண அழைப்பிதழும் அடித்தாயிற்று. நிக்காஹ்வுக்கு நான்கு நாள் இருக்கையில் அந்த மனிதர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "அகதிக் குடும்பத்தில சம்பந்தம் வேணாமெண்டு எங்கட ஆக்கள் சொல்றாங்க." போரில் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தபோது றுமைஸாவுக்குப் பதினொரு வயது. முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் அவள் அகதிதான். ஸும்ரா அன்றிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்கும் போவதில்லை. பிள்ளை சோற்றை அளைந்துவிட்டு எழும்பும் போதெல்லாம் தாய்க்கு வயிறு எரியும். அந்த ஆளைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் மௌத்தாக வேண்டும்.

அந்த எரிச்சல்தான் கையைப் பழக்கியது. ஏழு ஞாயிறுகளில் கொப்பிக்குள் அடிக்கட்டைகள் வந்தன, புதிய வெட்டில் கசியும் ஈரம் வந்தது, தண்ணீர் ஏறும் நேரத்தில் மட்டும் தூரத்தில் நுழையும் தோணியும் வந்தது. "இந்தக் கிழமை கொப்பிய அதிகாரிகள்ட்ட குடுக்கிறன். ஆள் தெரிஞ்சா இன்னும் நல்லம்," என்றார் டீச்சர்.

எட்டாவது ஞாயிறு ஆள் கிடைத்தார். பண்ணை வரம்பில் குடையோடு ஹாஜியாரே நின்று, இந்த மரம், அந்த மரம் என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தபடி றுமைஸா அந்தத் தொந்தியையும் தாடியையும் நீட்டிய விரலையும் கீறினாள். ஒரு கோடு பிசகவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு இந்த இரண்டு வருடத்தில் வந்ததில்லை.

அப்போது இந்தக் கரையோரக் கிளைகளை விலக்கிக்கொண்டு வெட்டுகிறவன் வெளியே வந்தான். இடுப்பளவு தண்ணீர், கையில் கத்தி. ஃபஸ்லான். அகதி முகாமில் பிறந்த அவளுடைய தம்பி. உம்மா காய்ச்சலில் கிடந்த காலமெல்லாம் றுமைஸாவின் இடுப்பில் இருந்தே வளர்ந்தவன். மதுரங்குளியில் மேசன் வேலைக்குப் போவதாக அல்லவா சொல்லியிருந்தான்?

அவனை விட்டுவிட்டால், குடை பிடித்த ஒரு மனிதர் வரம்பில் காற்று வாங்குகிறார், அவ்வளவுதான். அவனையும் கீறினால் ஹாஜியாருக்குத் தப்ப வழியில்லை. ஆனால் விலங்கு முதலில் விழுவது கத்தி பிடித்த கையில். ஹாஜியார் வக்கீல் வைப்பார். இவனுக்கு யார் இருக்கிறார்கள், லாத்தா என்று அவன் கூப்பிடும் இந்த அக்காவைத் தவிர? வரம்பில் அந்த ஆள் எதற்கோ பெரிதாகச் சிரித்தார். வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பும்போதும் அதே சிரிப்பு.

ஃபஸ்லான் அவளைக் கண்டுவிட்டான். முகம் ஒரு கணம் கறுத்தது. கொப்பியைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தான்.

"லாத்தா, என்ன கீறுறாய்?"

"உன்னத்தான்," என்றாள் றுமைஸா. "அசையாம நில்லு."

அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். ஈரத் தலையை விரலால் கோதிவிட்டு, கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க நிற்பவனைப் போல நெஞ்சை நிமிர்த்தி அவளையே பார்த்து நின்றான்.