தளும்பாத தேநீர்

சனிக்கிழமை மத்தியானம் லான் பௌல்ஸ் கிளப்பில் வெர்னா உருட்டிய பந்து, புல்தரையில் அழகாக வளைந்து, குறியாக வைத்திருந்த சின்ன வெள்ளைப் பந்தை ஒட்டிப் போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் புருஷன் கிளைவ் மட்டும் கைதட்டாமல் அவள் கையையே பார்த்தான்.

லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவரை அவள் கை லேசாக நடுங்கும். கோப்பையை நீட்டினால் தேநீர் சாசரில் தளும்பும். ஆனால் அந்த மாத்திரைதான் அவள் மனசைத் தலைகால் தெரியாமல் துள்ளவிடாமலும், ஒரேயடியாகச் சரியவிடாமலும் பிடித்து வைத்திருந்தது. முன்பு ஒரு முறை நிறுத்திவிட்டாள். சில வாரம் தூக்கமில்லாமல் ஜீலாங் ஊர் முழுக்கச் சுற்றினாள், பிறகு குளிர்காலம் பூராவும் படுக்கையை விட்டு எழவில்லை. கடைசியில் இறங்குதுறையிலிருந்து கடலில் குதித்தவளை மீன் பிடிக்க வந்தவர்கள்தான் இழுத்துப் போட்டார்கள். நடுங்காத கையைப் பார்த்ததும் கிளைவுக்கு அந்த ஈரத் தலைமுடி ஞாபகம் வந்தது.

இந்த வருஷம் அவள் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாள். வழக்கமான மருந்தோடு ஒரு சத்துக் கேப்சூலையும் சேர்த்துக் கொடுத்தால் மனநிலை இன்னும் தேறுமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜம், மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது. பழைய மருந்தை விடக்கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை. முதல் கேப்சூல் டப்பா வீட்டுக்கு வந்ததும் வெர்னா அதைத் திறந்து மோந்து பார்த்தாள், ஆராய்ச்சியில் சேருகிறவர்கள் யார்தான் மோந்து பார்க்காமல் இருக்கிறார்கள்! அழுகின முட்டை நாற்றம். அந்தச் சத்து அப்படித்தான் நாறும் என்று எங்கேயோ படித்திருந்தாள். அழுகின முட்டையை மோந்து இவ்வளவு பூரித்துப்போன பெண்பிள்ளை இந்த ஊரில் வேறு கிடையாது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் கொண்டுவந்து வைத்த தேநீரில் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. கிளைவ் கோப்பையைத் தொடாமல் கேட்டான்.

"லித்தியத்த எப்ப நிறுத்துன?"

அவள் மழுப்பவில்லை. "ஒரு மாசம் இருக்கும். அதான் நெஜ கேப்சூல் கெடச்சிருக்கே, அப்புறம் இது எதுக்கு? கை நடுங்காம ஒரு பந்து உருட்டணும்னு எத்தன வருஷமா ஏங்குனேன், தெரியுமா? இவ்ளோ நல்லா நான் இருந்ததே இல்ல கிளைவ்."

"நேத்து ராத்திரி பூரா நீ அலமாரி கழுவிட்டு இருந்த. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்குப் பயமா இருக்கு, வெர்னா."

அவளுக்குக் கோபம் வந்தது. தான் சிரித்தாலே சந்தேகப்படுகிறவனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று பொரிந்து தள்ளினாள். கடைசியில், திங்கட்கிழமை நர்ஸிடமே கேட்டுவிடலாம், அப்போது அவன் வாய் அடைக்கும் என்று சவால் விட்டாள்.

திங்கட்கிழமை வெர்னா நாற்றத்தைப் பற்றிக் கேட்டதும் நர்ஸ் இமோஜென் சிரித்துவிட்டாள்.

"எல்லா டப்பாலயும் வாசனைக்குன்னு அந்தச் சத்துப் பொடிய வெளிய கொஞ்சம் தூவித்தாங்க குடுக்குறோம். மாவு டப்பாலயும்தான். இல்லேன்னா எல்லாரும் மோந்து பாத்தே கண்டுபுடிச்சிடுவீங்களே."

வெர்னா தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, லித்தியத்தை நிறுத்திய கதையைக் கிளைவ் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள். இமோஜென் சிரிப்பை நிறுத்திவிட்டு டாக்டரை அழைத்துவந்தாள். ரத்தம் எடுத்தார்கள், அன்றைக்கே லித்தியம் மறுபடி ஆரம்பமானது. டாக்டர் கேப்சூலையும் தொடரச் சொன்னார். அது நிஜமா மாவா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வெர்னாவின் பந்து பக்கத்து ஆட்டக்காரர்களின் கால்களுக்குள் போய் நின்றது. கிளப்பில் கேலிக்குக் குறைவில்லை. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தேநீரை அவன் முன் வைத்தாள்.

"பாதி சாசர்லதான் இருக்கு. இப்ப சந்தோஷமா உனக்கு?"

"ரொம்ப" என்றான் கிளைவ். கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் சாசரில் இருந்ததைக் குடித்தான்.